ரயில் இல்லாத ஊரில் ஆங்கிலப் பாடம்

தாராவியிலிருந்து மாலத்தீவு போன ஆசிரியையின் இரண்டு வருட அனுபவம்

(நமது பகுதி நேர நிருபர்)

ரயில்வே முன்பதிவு கவுன்டரில் உட்கார்ந்திருப்பவனிடம் ஜனங்கள் பலவிதமான உதவி கேட்பார்கள். வெயிட்டிங் லிஸ்ட்டை உறுதி செய்து தரச் சொல்வார்கள். பாட்டிக்குக் கீழ் பெர்த் வேண்டும் என்பார்கள். "வெற்றுப் படிவம் ஐம்பது கொடுங்க அண்ணே, மாலத்தீவுக்குக் கொண்டு போகணும்" என்று என்னிடம் கேட்டவர் இதுவரை ஒருவர்தான்.

மாலத்தீவில் ரயிலே கிடையாது.

கேட்டவர் எங்கள் தாராவிப் பெண். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவர். நான் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அப்பா பணியில் இருக்கும்போதே காலமானதால் கருணை அடிப்படையில் ரயில்வே உத்தியோகம் கிடைத்தது. அந்தப் பெண்ணோ விடாமல் படித்தார். ஆங்கிலத்தில் பி.ஏ., பிறகு பி.எட். எங்கள் சந்தில் ஆங்கிலக் கடிதம் வந்தால் அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டுவோம்.

ஆறு வருடம் இங்கே ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தார். கையெழுத்துப் போட்ட சம்பளம் ஒன்று, கைக்கு வந்த சம்பளம் வேறு. கணவருக்கு வாபியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாரம் ஒருமுறை வருவார். ஐந்து வயதில் ஒரு பையன். இந்த நிலையில்தான் மாலத்தீவில் ஆங்கில ஆசிரியை வேலை என்று ஒரு முகவர் சொல்ல, வளையலை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார். பையனைத் தன் தாயாரிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினார்.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து இப்போது வந்திருக்கிறார். பேரையும் தீவின் பேரையும் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு என்னிடம் பேசினார்.

தீவுக்கு ஒரு பள்ளிக்கூடம்

நம் ஆட்கள் பலருக்கு மாலத்தீவு என்றால் சினிமாக்காரர்கள் ஓய்வெடுக்கப் போகும் இடம் என்றுதான் தெரியும். அந்த உல்லாச விடுதிகள் 1972-ல்தான் வர ஆரம்பித்தன. அவை தனித்தனித் தீவுகளில் இருக்கின்றன. உள்ளூர் ஜனங்கள் வசிக்கும் தீவுகள் வேறு. மொத்தம் சுமார் 1,200 தீவுகள். அவற்றில் ஊர் என்று இருப்பவை 200-க்கும் குறைவு.

ஆயிரம் பேர் உள்ள தீவாக இருந்தாலும் அங்கே பள்ளிக்கூடம் உண்டு. பாடமொழி ஆங்கிலம். 1960-களில் தலைநகர் மாலேயில் ஆரம்பித்த வழக்கம் பிறகு தீவுகளுக்கும் பரவியது. கணக்கும் விஞ்ஞானமும்கூட ஆங்கிலத்தில்தான். மேல் வகுப்பில் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுத வேண்டும். அத்தனை பள்ளிகளுக்கும் உள்ளூரில் ஆசிரியர் கிடைக்காததால் பல வருடங்களாக இந்தியாவிலிருந்து போகிறார்கள். மலையாளிகள் அதிகம். தமிழர்களும் இருக்கிறார்கள்.

நம் ஆசிரியைக்குக் கிடைத்தது வடகோடியில் ஹா தாலு என்ற பகுதியில் ஒரு தீவு. மும்பையிலிருந்து மாலேக்கு விமானம். மாலேயிலிருந்து ஹனிமாதூவுக்கு ஒரு சின்ன விமானம். அங்கிருந்து படகு. படகில் ஏறிய பத்தாவது நிமிடம் வயிற்றைப் புரட்டியது. இறங்கியபோது அவரை வரவேற்க வந்த தலைமை ஆசிரியர் முன்னால் முதலில் வாந்தி எடுத்துவிட்டுத்தான் வணக்கம் சொன்னாராம்.

தீவு எவ்வளவு பெரியது என்று கேட்டேன். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இருபது நிமிட நடை என்றார். எனக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், பதினைந்து பெட்டி லோக்கல் வண்டி ஐந்தை வரிசையாக நிறுத்தினால் தீவு முடிந்துவிடும். தாராவியில் பிறந்தவருக்கு முதல் வாரம் தூக்கம் வரவில்லை. சத்தமே இல்லை. அந்த நாட்டில் நாய் வளர்க்கத் தடை என்பதால் இரவில் நாய் குரைப்பதுகூட இல்லை. விடியற்காலையில் பெண்கள் ஈர்க்கு விளக்குமாற்றால் வெள்ளை மணல் தெருவைக் கூட்டும் சத்தம்தான் முதல் சத்தம். அதைக் கேட்டதும் ஆச்சி ஊர் ஞாபகம் வந்து அழுகை வருமாம்.

'அவுட் ஆப் ஸ்டேஷன்'

ஆங்கிலம் கற்பிக்கப் போனவருக்கு முதல் அடி ஆங்கிலத்திலேயே விழுந்தது.

முதல் நாள் வகுப்பில் ஒரு பையனிடம், "வாட் இஸ் யுவர் குட் நேம்?" என்று கேட்டிருக்கிறார். நாம் எல்லோரும் கேட்பதுதான். பையன் யோசித்துவிட்டு, எனக்கு ஒரு பேர்தான் இருக்கிறது, அது நல்லதா கெட்டதா தெரியாது என்றான். வகுப்பே சிரித்தது.

இன்னொரு நாள் பக்கத்துத் தீவு ஆஸ்பத்திரிக்குப் போக விடுப்புக் கடிதம் கொடுத்தார். 'அவுட் ஆப் ஸ்டேஷன்' என்று எழுதியிருந்தார். தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, "எந்த ஸ்டேஷன்?" என்று மரியாதையாகவே கேட்டார். ரயில் இல்லாத நாட்டில் ஏது ஸ்டேஷன்? இதை என்னிடம் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும்தான். எங்கள் இலாகா ஆங்கிலம் இத்தனை வருடமாக நம் பள்ளிக்கூட லீவு லெட்டரில் உட்கார்ந்திருப்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

பிள்ளைகள் போனிலும் டெலிவிஷனிலும் கார்ட்டூன் பார்த்து ஆங்கிலம் பழகியவர்கள். சிலருக்கு உச்சரிப்பு அமெரிக்கக்காரர்கள் மாதிரி இருந்தது. ஆனால் ஒரு பத்தி எழுதச் சொன்னால் தடுமாறினார்கள். இவருக்கோ எழுத்து சுத்தம், பேச்சில் நம் ஊர் வாடை. "அவங்க வாய் எனக்கு இல்லை, என் கை அவங்களுக்கு இல்லை" என்றார்.

ஒரு குழப்பம் படகுத்துறையில் நடந்தது. அங்கே எல்லாரும் வைபரில்தான் செய்தி அனுப்புவார்கள். திவேஹி மொழியை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை படகு உண்டா என்று வீட்டுக்காரர் மகனுக்குச் செய்தி அனுப்பினார். 'நூன்' என்று பதில் வந்தது. பகல் பன்னிரண்டு மணி என்று எடுத்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலில் துறையில் ஒரு மணி வரை நின்றார். ஜும்மா தொழுகை முடிந்து வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். திவேஹியில் 'நூன்' என்றால் 'இல்லை' என்று அர்த்தம்.

வீட்டுக்கார அம்மாளை எல்லோரும் 'தத்தா' என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுவேறு திகைப்பு. தத்தா என்றால் அக்கா. நம் காதுக்கு அது தாத்தாவாகத்தான் விழும். "முதல் மாசம் பூரா சிரிப்பை அடக்கிக்கிட்டேதான் அவங்களைக் கூப்பிட்டேன்."

பஜியாவுக்குள் மீன்

சாயந்திரம் தேநீரோடு பலகாரம் தின்பது அங்கே ஒரு வழக்கம். கடையில் 'பஜியா' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் நம் தாதர் ஸ்டேஷன் வாசல் ஞாபகத்தில் ஒரு தட்டு வாங்கினார். கடித்தால் உள்ளே சூரை மீன்! காலையில் மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் எலுமிச்சையும் பிசைந்த 'மஸ் ஹுனி', கூட ரொட்டி. மத்தியானம் சோற்றுக்கு 'கருதியா' என்ற தெளிந்த மீன் ரசம். பள்ளியில் இரண்டு மலையாள ஆசிரியைகள் சைவம். அவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

நெல்லைப் பெண்ணுக்கு மீன் புதிதல்ல. ஒருநாள் தத்தா வீட்டில் கட்டை மாதிரி காய்ந்த மீனைச் சீவிக்கொண்டிருந்தார்கள். பார்த்தவுடனே இவருக்குத் தெரிந்துவிட்டது: மாசிக் கருவாடு. தூத்துக்குடிப் பக்கம் சம்பலில் போடுவோமே, அதே மாசி. திவேஹியில் மீனுக்கே 'மஸ்' என்றுதான் பெயர். வீட்டுப் பின்புறம் முருங்கை மரம் நின்றது. அதற்கு அங்கே 'முரங்கா' என்று பேர். அன்று மாசியும் முருங்கைக் கீரையும் போட்டுத் தானே சமைத்து தத்தா வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் அவரை வாடகைக்காரியாகப் பார்ப்பது நின்றது.

காய்கறி சரக்குப் படகு வந்தால்தான். அரிசி, மாவு, சர்க்கரை, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை எல்லாம் இந்தியாவிலிருந்து போகிறது. 1981-ல் இரண்டு நாடும் செய்துகொண்ட வியாபார ஒப்பந்தப்படி வருடா வருடம் அளவு பேசி அனுப்புகிறார்கள். 2023 டிசம்பரில் நம் சர்க்கார் வெங்காய ஏற்றுமதியை நிறுத்தி வைத்த பிறகும் மாலத்தீவுக்கு விலக்குக் கொடுத்து அனுப்பியது. கடல் கொந்தளித்துப் படகு நின்றால் தக்காளியைக் கண்ணால் பார்க்க முடியாது.

சாமி விஷயத்தையும் சொல்ல வேண்டும். அது முழுக்க முஸ்லிம் நாடு. மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலை எதுவும் கொண்டு போகக்கூடாது. வேறு மதத்தவர் வெளிப்படையாக வழிபடவும் முடியாது. தாயார் பெட்டியில் வைத்த சின்ன முருகன் விக்கிரகத்தை மும்பையிலேயே எடுத்து வைத்துவிட்டுப் போனார். "கண்ணை மூடினா முருகன் வரமாட்டாரா அண்ணே" என்றார். முதல் ரமலான் மாதம் பகலில் கடை மூடியிருந்தது. பிள்ளைகள் முன்னால் தண்ணீர் குடிக்கவும் கூச்சம். ஆனால் ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்ததும் தத்தா வீட்டிலிருந்து மூடிய தட்டு ஒன்று வந்துவிடும். ஒருநாள்கூடத் தவறவில்லையாம்.

ஆறு என்றால் என்ன?

வகுப்புக்கு வருவோம். இவர் மும்பைக்காரி என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மாலத்தீவில் ஹிந்திப் படமும் சீரியலும் பார்க்காத வீடு இல்லை. ஷாருக் கான் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா மிஸ் என்று கேட்டார்கள். கேட்டைப் பார்த்திருக்கிறேன் என்றார். பிறகு பாடம் புரியாத இடத்தில் ஹிந்தியில் இரண்டு வார்த்தை சொல்ல ஆரம்பித்தார். சட்டென்று புரிந்துகொண்டார்கள். வேலை சுலபமானது.

ஒருநாள் துறைத் தலைவி வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். வகுப்பு முடிந்ததும் சொன்னார்: "ஹிந்தியை இவர்கள் டெலிவிஷனில் சும்மாவே கற்றுக்கொள்கிறார்கள். உங்களை வரவழைத்தது அதற்கு அல்ல." இவர் அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து வகுப்பில் ஹிந்தி கிடையாது.

அந்த வாரமே பாடத்தில் 'ரிவர்' வந்தது. ஆறு! மாலத்தீவில் ஆறு கிடையாது. மலையும் கிடையாது. நாட்டிலேயே உயரமான இடம்கூடக் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான். படத்தில் ஆற்றைக் காட்டினால் "ஸீ" என்றார்கள். கடல் அல்ல, நல்ல தண்ணீர், ஓடிக்கொண்டே இருக்கும் என்றார். எங்கே ஓடும்? கடலுக்கு. "அப்படியானால் தீர்ந்துபோகாதா, மிஸ்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். குடிதண்ணீருக்கு மழைநீர்த் தொட்டியை நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளை கேட்கவேண்டிய கேள்விதான்.

மறுநாள் வகுப்பைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். ஈர மணலைக் குவித்து மலை செய்து, பொதிகை என்று பேர் வைத்தார். ஒரு வாளித் தண்ணீரை உச்சியில் மெல்ல ஊற்றச் சொன்னார். தண்ணீர் வழி கண்டுபிடித்துக் கீழே இறங்கியது. ஓரத்தில் சிப்பிகளை நட்டு, இது பாபநாசம், இது திருநெல்வேலி, இது ஸ்ரீவைகுண்டம், கடலில் சேரும் இடம் புன்னைக்காயல் என்று தாமிரபரணியையே காட்டிவிட்டார். எல்லாம் ஆங்கிலத்தில். வாளி வாளியாக ஊற்றி, ஆறு தீராமல் பார்த்துக்கொண்டார்கள் பிள்ளைகள்.

"நம்ம வீட்டுப் பக்கத்திலேயே மித்தி ஆறு இருக்கே, அதைச் சொல்லலையா?" என்று கேட்டேன். "சொல்ல மனசு வரலை அண்ணே" என்றார். எனக்கும் அந்த வாடை தெரியும். மேலே கேட்கவில்லை.

படகு வராத இரண்டு நாள்

போன முதல் வருடம் ஜூலை மாதம். இங்கே மழைக்காலம், பையனுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். தலைமை ஆசிரியர் உடனே ஒரு வாரம் விடுப்புக் கொடுத்தார். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் எழும்பிக் கிடந்தது. விமானம் ஏற ஹனிமாதூ போக வேண்டும். படகு விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு நாள் துறையிலேயே நின்றார். நம் நேரத்துக்கு அங்கே அரை மணி பின்னால். தாயார் போன் செய்வதற்காக இரவெல்லாம் விழித்திருந்தார். மூன்றாம் நாள் கடல் அடங்கியது. பையனுக்கும் ரத்தத்தில் தட்டணுக்கள் ஏற ஆரம்பித்துவிட்டன. "இனி வந்து என்ன செய்யப் போற, டிக்கெட் பணத்தை மிச்சப்படுத்து" என்றார் தாயார். இவர் படகில் ஏறவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

"கடல் மேல பழி போட்டது ரெண்டு நாள்தான். மூணாவது நாள் போகாம இருந்தது நான்தான்" என்றார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

வருட முடிவில் முதல் விடுமுறைக்கு வந்தபோது பையன் பாட்டி முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு அவரை 'மிஸ்' என்று கூப்பிட்டான். வீடியோ போனில் அங்குள்ள பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகியது. அவன் விளையாட்டாகத்தான் சொன்னான்.

பணக் கணக்கையும் எழுதிவிடுகிறேன், போக நினைப்பவர்களுக்கு உதவும். முகவர் டாலரில் சம்பளம் என்றார். வந்தது மாலத்தீவு ருஃபியாவில். ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்பது அதிகாரபூர்வ விலை. ஆனால் அந்த விலைக்கு டாலர் எளிதில் கிடைக்காது. ஊருக்கு அனுப்ப வங்கியில் மாத வரம்பு உண்டு. மீதிக்கு வெளியில் அதிக விலை கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எந்த நாணயம், யார் வாடகை, எத்தனை டிக்கெட் என்ற மூன்றையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று வாசகர்களுக்குச் சொல்லச் சொன்னார். முகவர் நம் சர்க்காரில் பதிவு பெற்றவரா என்று தான் பார்க்கத் தவறியதையும் சேர்த்தே சொன்னார். இருந்தாலும் வளையலை மீட்டாகிவிட்டது. கடன் இல்லை.

ஐம்பது படிவங்கள்

அந்த முதல் விடுமுறையில்தான் என்னிடம் படிவம் கேட்டார். ஆறு சொல்லிக்கொடுத்தாயிற்று, அடுத்து ரயில் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றார். படிவம் யாருக்கும் இலவசம்தான். ஐம்பதுக்குப் பதிலாக அறுபது கொடுத்தேன். அப்பா வைத்திருந்த பழைய அட்டை டிக்கெட் இரண்டையும் கூடக் கொடுத்தேன்.

வகுப்பில் மேசையைக் கவுன்டராக்கினார். ஒரு பையன் கிளார்க். மற்றவர்கள் வரிசையில் நின்று படிவத்தைப் பூர்த்தி செய்து ஆங்கிலத்தில் டிக்கெட் கேட்க வேண்டும். எந்த ஊரிலிருந்து, எந்த ஊருக்கு, என்றைக்கு, எத்தனை பேர். சில்லறை இல்லை என்று சொல்லவும் கிளார்க்குக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் நடப்பது அதுதான்.

இந்த முறை வந்தபோது எழுதிய படிவங்களில் ஒரு கட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

அவர் மறுபடியும் போகிறார். இன்னும் இரண்டு வருடம். பையனைக் கூட அழைத்துப்போக மனுப் போட்டிருக்கிறார். அந்தப் பள்ளியிலேயே சேர்த்துக்கொள்கிறேன் என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். அனுமதிக் காகிதம் இன்னும் வரவில்லை. வராவிட்டால் தனியாகத்தான் போகவேண்டும். "போகட்டுமா அண்ணே?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

படிவங்களை அன்றிரவு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருவன் மாலேயிலிருந்து மும்பைக்கு எழுதியிருக்கிறான், தேதி ரமலான் பெருநாளுக்கு மறுநாள். ஒருவன் சாப்பாடு சைவமா அசைவமா என்ற இடத்தில் இரண்டையும் அடித்துவிட்டு 'மீன்' என்று எழுதியிருக்கிறான். வகுப்பு என்ற கட்டத்தில் எல்லோருமே நான்காம் வகுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் டாக்டராக இருந்தால் இங்கே குறியிடவும் என்று எங்கள் படிவத்தில் மேலே ஒரு கட்டம் உண்டு. நம் ஜனங்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆறு தீர்ந்துபோகாதா என்று கேட்ட சிறுமி அதில் அழுத்தமாக ஒரு குறி போட்டிருக்கிறாள். வயது 10. புறப்படும் நிலையம் என்ற இடத்தில் தன் தீவின் பேர். சேரும் நிலையம் திருநெல்வேலி. எந்தக் கவுன்டரிலும் செல்லாத படிவம். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.